நாத்தனாரின் ஓட்டை பூட்ஸ்

என் நாத்தனாருக்கு உட்காரத் தெரியாது. சிரிக்காதீர்கள், நிஜம். சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கும் பின்வாசல் படிக்கும் நடந்துகொண்டேதான் சாப்பிடுவாள். "ஒரு இடத்துல உட்கார்ந்து சாப்பிடேன்டி, உடம்புல ஒட்டும்" என்று நானும் கத்திப் பார்த்தாயிற்று. "ஒட்டினா அப்புறம் அதையும் தூக்கிக்கிட்டு யாரு அண்ணி மலையேறுறது?" என்பாள். காலில் கஞ்சியைக் கொட்டிக்கொண்ட மாதிரி என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதை முதலில் சொன்னவர் இவளைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

நல்லவேளையாக வேலையும் அப்படியே அமைந்தது. மின்சார ஆபீசில் லைன் பார்க்கிற வேலை. மலைக்கு அந்தப் பக்கம் உற்பத்தியாகிற மின்சாரத்தை இந்தப் பக்கம் கொண்டுவரக் காட்டின் நடுவே பெரிய பெரிய டவர்களாக நட்டுக் கம்பி இழுத்திருக்கிறார்கள். அந்தக் கம்பிக்கு அடியிலேயே நடந்து போக வேண்டும். கம்பியைத் தாங்குகிற பீங்கான் தட்டில் விரிசல் விட்டிருக்கிறதா, மரக்கிளை கம்பியைத் தொடுகிற உயரத்துக்கு வந்துவிட்டதா, டவரின் கால் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்கு. கண் வானத்தில், கால் சேற்றில். ஆபீசில் யாருக்கும் அவள் சொந்தப் பெயர் ஞாபகம் இல்லை, லைனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதலில் அவளை எடுத்தது என்னவோ கோப்பு தூக்குவதற்குத்தான். ஒருநாள் மலைமேல் வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற ஆள் வரவில்லை. "நான் போறேன் சார்" என்று கேரியரைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள், அந்த ஆட்கள் போய்ச் சேருவதற்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருந்தாளாம். மன்னிக்கவும், நின்றிருந்தாளாம். மறு வாரமே லைனில் போட்டுவிட்டார்கள். கல்யாணப் பேச்சு வந்த காலத்தில் ஒரு வீட்டார், "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டார்கள். "நடக்கிறா" என்றேன் நான். "நடந்து?" என்றார்கள். "திரும்பி வந்துடுவா" என்றேன். அவர்கள் திரும்பி வரவில்லை. அன்றைக்கு வீட்டில் அதிகம் சிரித்தது அவள்தான்.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நடந்தது புரியாது. அவளுடைய அண்ணன். ஒழுகல் அடைக்கிறவர். தண்ணீர்த் தொட்டி, குழாய், கூரை, எது ஒழுகினாலும் ஊரில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டின் முன்னறைதான் குழாய்க் கடை. வாஷரும் பசையும் திருகாணியுமாக நான் கல்லாவில் இருப்பேன், அவர் வெளி வேலைக்குப் போவார். கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் யாரையும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். எங்கேயாவது சொட்டுச் சத்தம் கேட்டால் போதும், மனுஷன் எழுந்துவிடுவார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், பிணத்தை வைத்துக்கொண்டு எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது, இவர் குளியலறைக்குள் போய்க் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். எனக்கு மானம் போயிற்று. "ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யக் கூடாதா?" என்று வழியெல்லாம் திட்டினேன். "கேட்டுக்கிட்டே இருந்தா வீடு முழுகிடும்" என்றார்.

அம்மா அப்பா போன பிறகு தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அதனால் அவள் விஷயத்திலும் அவர் கேட்பதில்லை. இவள் காட்டில் அலைவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலியில் அவள் உட்கார்ந்து அவர் பார்க்க வேண்டும், அதுதான் ஆசை.

அந்த நாற்காலி கிட்டத்தட்ட வந்தே விட்டது. மழைக்காலம் வந்தாலே இவள் காலில் சேற்றுப்புண் வரும். போன மழையில் அது முற்றிக் காய்ச்சலோடு படுத்துவிட்டாள். ஆபீஸ் டாக்டர் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இந்த மழையில முதல் நடை முடிஞ்சதும் நேரா என்கிட்ட வந்து காலைக் காட்டணும். சரியில்லன்னா அவ்வளவுதாம்மா, புகார் பிரிவுல உட்கார வச்சிடுவேன்." புகார் பிரிவு என்பது ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு டெலிபோன். காலையிலிருந்து மாலைவரை "கரண்ட் எப்போ வரும்?" என்று ஊரே திட்டும், உட்கார்ந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள்! "அந்த ரூம்ல என்னைப் போட்டா நான் செத்துடுவேன் அண்ணி" என்று குழந்தை மாதிரி தேம்பினாள். நாங்கள் சண்டை போட்ட நாள் உண்டு, பேசாமல் இருந்த நாள் உண்டு, அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவள் அண்ணன் வருகிற சத்தம் கேட்டதும் முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாள். அவரோ விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உட்கார்ந்து சம்பளம் வாங்குறது கசக்குதா?" என்று சந்தோஷமாக இரண்டாவது தடவை சாப்பாடு போட்டுக்கொண்டார்.

ஆக, வேண்டியது ஒரு ஜோடி பூட்ஸ். ஆபீசில் கொடுக்கிற ரப்பர் பூட்ஸ் உதவாது. சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்று அடித்துச் சொல்லி விற்ற ஒன்றை வாங்கியும் பார்த்துவிட்டாள், அதில்தான் காய்ச்சலே வந்தது. "ஓடையில இடுப்பு வரைக்கும் இறங்குறோம் அண்ணி. மேல் வழியா தண்ணி உள்ள வந்துடும். வந்தது வெளியே போக வழி இல்ல. நாள் பூரா கால் ஊறிக்கிட்டே கிடக்கு. தண்ணி வரட்டும், வந்த வேகத்துல போயிடணும். அந்த மாதிரி பூட்ஸ் வேணும்" என்றாள்.

"அப்படின்னா ஒழுகுற பூட்ஸ்" என்றேன்.

"ஆமா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒழுகுகிற பொருள் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குள் கொண்டுவருகிறோம் என்று தெரிந்தால் என் வீட்டுக்காரர் வீட்டைவிட்டே போய்விடுவார். ஆகவே அவர் காதில் இதைப் போடுவதில்லை என்று முடிவு செய்தோம்.

தேட ஆரம்பித்தோம். இவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள்: எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் ஒரு வாளித் தண்ணீர் கேட்பது. பூட்ஸைப் போட்டுக்கொண்டு வாளியில் நின்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவாளாம். முதல் கடைக்காரர் பாவம், தாகம் போல என்று ஒரு டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாவது கடையில் யாரும் பார்க்காத நேரம் தரை துடைக்கிற வாளிக்குள் இறங்கிவிட்டாள், விலைச் சீட்டு தண்ணீரில் மிதந்தது. எங்களைத் துரத்தாத குறை. மூன்றாவது கடையில் டை கட்டிய ஒரு பையன், "மேடம், இது தண்ணில போடுற ஷூ இல்ல" என்றான். "பின்ன எதுல போடுறது?" என்றாள். "விசேஷத்துக்குப் போடலாம்" என்றான். நான் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்த வேறு இரண்டு பேர் வாங்காமல் போய்விட்டார்கள். எங்கே போனாலும் ஆண்பிள்ளைக் கால் அளவுதான் இருந்தது. இவளுக்கோ நீளம் குறைவு, விரல் பக்கம் அகலம். ஒன்று முன்னால் கடித்தது, ஒன்று பின்னால் கடித்தது, ஒன்று எல்லாப் பக்கமும் கடித்தது.

கடைசியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்தக் கடையைக் கண்டுபிடித்தோம். கயிறு, தார்ப்பாய், தகரக் குவளை, பட்டாளத்தில் கழித்துவிட்ட சாமான்கள். கடைக்காரரும் பட்டாளத்தில் இருந்தவராம், ஊரில் பட்டாளம் என்றே பெயர். மீசையைப் பார்த்தால் பயமாக இருக்கும். காலைப் பார்த்தால் ரப்பர் செருப்பு.

"காட்டுக்கா, ரோட்டுக்கா?" என்றார்.

"காட்டுக்கு."

"ஓடை தாண்டணுமா?"

"தாண்டணும்."

"அப்படின்னா சாயங்காலம் வாங்க. நடந்து நடந்து கால் கொஞ்சம் வீங்கணும், அப்பத்தான் சரியான அளவு தெரியும்."

"அதுவரைக்கும் பொறுக்க முடியாது. இப்பவே வீங்க வச்சுட்டு வரேன்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்தைத் தெருவைச் சுற்ற ஆரம்பித்தாள். அவளுக்கென்ன, அவள் நடக்கப் பிறந்தவள். நான் கல்லாவில் உட்காரப் பிறந்தவள். திரும்பி வந்தபோது அவள் கால் கொஞ்சம் வீங்கியிருந்தது, என் கால் தூண் மாதிரி ஆகிவிட்டது. "ரெண்டு பேருக்குமா?" என்று பட்டாளம் என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குக் கோபம் மூக்குமேல் வந்தது, ஆனால் உட்கார ஸ்டூல் கொடுத்ததால் மன்னித்துவிட்டேன்.

உள்ளேயிருந்து எடுத்து வந்தார். ஜங்கிள் பூட்ஸ். மேல் பக்கம் கெட்டிக் கித்தான், விரலுக்கும் குதிகாலுக்கும் தோல், அடியில் சேற்றைக் கவ்வாமல் உதறிவிடுகிற மாதிரி ஆழமான வெட்டு. தடித்த காலுறை போட்டு அவளை ஒரு சரிவுப் பலகையில் ஏற்றி இறங்கச் சொன்னார். "இறங்கும்போது விரல் முட்டுதா?" முட்டவில்லை. "ஏறும்போது குதிகால் தூக்குதா?" தூக்கவில்லை. அப்புறம் அவராகவே, நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால், உள்ளே போய் ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

என் நாத்தனார் என்னைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. இறங்கினாள். தண்ணீர் உள்ளே போயிற்று. வெளியே கால் எடுத்து வைத்து ஒரு மிதி மிதித்தாள். பூட்ஸின் உள்பக்கம் பாதத்தின் வளைவுக்குப் பக்கத்தில், சின்னச் சல்லடை வைத்த இரண்டு ஓட்டைகள். அவற்றின் வழியாகச் சர்ரென்று தண்ணீர் என்மேல் பீச்சியடித்தது. "ஒழுகுது அண்ணி! ஒழுகுது!" என்று குதிக்க ஆரம்பித்தாள். குதிக்கக் குதிக்கப் பட்டாளத்தின் கடை முழுக்கத் தண்ணீர். அந்த மனுஷர் மீசையை முறுக்கிக்கொண்டு ரசித்தார். அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

புது பூட்ஸைப் பழக்குவதற்கு ஒரு வழி சொல்லி அனுப்பியிருந்தார்: நனைத்துப் போட்டுக்கொண்டு, காலிலேயே காய்கிறவரை நடக்க வேண்டும். நடக்கவா சொல்ல வேண்டும் அவளுக்கு! சமையலறையில் தொம் தொம், முன்னறையில் தொம் தொம். கடைக்கு வந்தவர்கள், "மாடியில வேலை நடக்குதா?" என்று கேட்டார்கள். எங்களுக்கு மாடியே கிடையாது. அவள் அண்ணனும் பூட்ஸின் முன்பக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல கெட்டி. பட்டாளத்துச் சாமான்னா சாமான்தான்" என்றார். அதற்குமேல் குனிந்து பார்க்கவில்லை. நாங்களும் காட்டவில்லை.

முதல் நடைக்கு முந்தைய நாள் மத்தியானம் அவள் ஆபீசுக்குப் போயிருந்தாள். பூட்ஸைக் கவிழ்த்துப் பின்வாசல் படியில் காயவைத்திருந்தாள். சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் கல்லாவுக்கு வந்து, "அந்த நல்ல பசை ஒரு டியூப் கொடு" என்றார். "எதுக்கு?" என்றேன். "ஒரு ஒழுகல்" என்றார். எங்கள் வீட்டில் இது ஒரு பேச்சா? எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் விடிந்ததும் அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு பாட்டு முணுமுணுத்தபடி கிளம்பிப் போனாள். இவர் டீ குடித்துக்கொண்டு தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சிரிப்பு?"

"சாயங்காலம் பாரு, உன் நாத்தனா என்னைத் தலையில தூக்கி வச்சு ஆடப்போறா."

"எதுக்காம்?"

"அந்தப் பட்டாளம் உங்க ரெண்டு பேரையும் நல்லா ஏமாத்தியிருக்கான். பூட்ஸ்ல ஓட்டை! ஒரு பூட்ஸுக்கு ரெண்டு! சரி, பாவம் பொம்பளைங்க, சொன்னா மனசு கஷ்டப்படும்னு நானே உள்பக்கமா அடைச்சுட்டேன். வெளியே பார்த்தா தெரியவே தெரியாது. இனி அதுல சொட்டுத் தண்ணி போகாது, வராது."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கையில் இருந்த வாஷர் டப்பா விழுந்து கடை முழுக்க உருண்டது. தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு நின்றதும் அழுகை வந்தது. "என்னடி ஆச்சு உனக்கு?" என்று பயந்துவிட்டார்.

"யோவ்! அந்த ஓட்டைக்காகத்தான்யா அந்த பூட்ஸையே வாங்கினோம்!" கோபத்தில் மரியாதையெல்லாம் போய்விட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி எனக்கு மாலையிட்ட மகராசன்தான் என்று அப்போது தெரிந்தது.

"ஓட்டைக்காகவா?" என்றார். வாழ்க்கையில் அப்படி ஒரு வாக்கியத்தை அவர் கேட்டதில்லை. விளக்கிச் சொன்னேன். இடுப்பளவு ஓடை, ஊறுகிற கால், டாக்டர், இன்று சாயங்காலம் காலைக் காட்ட வேண்டியது, எல்லாம். கடைசியில் அவர் அறியாத ஒன்றையும் சொன்னேன். "அந்த நாற்காலியை நினைச்சு உங்க தங்கச்சி அந்தப் படியில உட்கார்ந்து அழுதா. நீங்க வந்ததும் முகத்தைக் கழுவிக்கிட்டா."

"அழுதாளா?" என்றார். "இவளா?"

அவர் ஆசைப்பட்ட நாற்காலி தானாகவே வந்து சேரப்போகிற நாள் அது. சும்மா இருந்தாலே போதும். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் டீயை வைத்துவிட்டு எழுந்தார். பாட்டரி டிரில்லை எடுத்தார். சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே மொபெட்டை வெளியே தள்ளினார். "ஏறு" என்றார்.

காட்டுக்குள் போன் எடுக்காது. ஆனால் லைன் ஓரிடத்தில் மலைச்சாலையைக் குறுக்கே தாண்டும், அங்கே ஒரு டீக்கடை உண்டு, அங்கே எல்லாரும் நின்று இளைப்பாறிவிட்டுத்தான் மேலே போவார்கள். நாங்கள் அங்கே போய் இறங்கினோம். நான் டிரில்லைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்ததைப் பார்த்து டீக்கடைக்காரர் எனக்கு மட்டும் ஒரு ஸ்டூல் போட்டார்.

முதலில் அவளோடு லைன் பார்க்கப் போன இன்ஜினியரும் மரம் வெட்டுகிறவரும் மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தார்கள். என் நாத்தனார் யாருக்கும் பின்னால் வந்து நான் பார்த்ததில்லை. ரொம்ப நேரம் கழித்து, சளக் புளக், சளக் புளக் என்று சத்தம் வந்தது. அதற்குப் பின்னால் அவள் வந்தாள்.

எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "என்ன அண்ணி? வீட்டுல யாருக்கு என்ன?"

"உன் அண்ணனுக்குத்தான். புத்தி" என்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணனை முறைத்தாள் பாருங்கள், அந்தப் பார்வையில் கம்பி இல்லாமலே மின்சாரம் பாய்ந்தது. "சேறு அடைச்சிருக்குன்னு நினைச்சு குச்சி வச்சு குத்திக் குத்திப் பார்க்கிறேன்! ஒவ்வொரு ஓடைக்கும் உட்கார்ந்து கழட்டி ஊத்திட்டு வரேன்! இன்ஜினியர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாரு!" என்று கத்த ஆரம்பித்தவள், டீக்கடைப் பக்கம் பார்த்துவிட்டுச் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "மெதுவா பேசுங்க. இந்தப் பக்கம் வாங்க."

எங்கள் இருவரையும் டவரின் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "ஏன் ஒளியணும்?" என்றேன். "ஆபீஸ் தொட்டியிலிருந்து இன்ஜினியர் வீட்டுக் கூரை வரைக்கும் அடைச்சது யாரு? அண்ணன். பூட்ஸ் ஓட்டையை அடைச்சாருன்னு இவங்களுக்குத் தெரிஞ்சா, ஊரே சிரிக்கும். ஒருத்தன் வேலைக்குக் கூப்பிடுவானா?" என்றாள். இவ்வளவு கோபத்திலும் அவளுக்கு அது தோன்றியிருக்கிறது.

டவரின் சிமென்ட் காலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். தண்ணீர் குடம் கவிழ்த்த மாதிரி கொட்டிற்று. காலுறையை உருவினாள். பாதம் வெளுத்து, ஊறி, சுருங்கி இருந்தது. இரண்டு விரலில் நகமே இல்லை, அது பழைய கணக்கு. இடது குதிகாலில் தோல் உரிந்து சிவந்திருந்தது, அது அன்றைய கணக்கு. என் வீட்டுக்காரர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்பவும் இப்படித்தான் இருக்குமா?" என்றார்.

"இது எவ்வளவோ பரவாயில்லண்ணா. போன மழைக்குப் பார்த்திருக்கணும்."

அவர் குனிந்து டிரில்லைப் போட ஆரம்பித்தார். பசை லேசில் விடவில்லை. டிரில் திணறி நின்றது. மனுஷனுக்கு அந்த நிலையிலும் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியா, எப்படிப் பிடிச்சிருக்குன்னு!" என்றார். நான் விலாவில் ஒரு கிள்ளு கிள்ளினேன். மறுபடி குனிந்தார். சல்லடையும் போயிற்று, பசையும் போயிற்று, நாலு ஓட்டையும் திறந்தன. நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது.

"அழறதா இருந்தா அந்தப் பக்கம் திரும்பி அழுண்ணா. இப்பத்தான் பூட்ஸைக் காலி பண்ணேன்" என்றாள் தங்கை. காலுறையைப் பிழிந்து மாட்டிக்கொண்டு ஓடினாள். டீ குடித்து முடித்த இன்ஜினியர் கிளம்புவதற்குள் அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

சாயங்காலம் மலையடிவாரத்தில் ஆபீஸ் வராந்தாவில் டாக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்களும் போய்ச் சேர்ந்தோம், வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சுற்றி ஆபீஸ் ஆட்கள், எல்லாரும் என் வீட்டுக்காரருக்கு வணக்கம் வைக்கிறவர்கள். டாக்டர் ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்தார். வலது கால் நன்றாக இருந்தது. இடது குதிகாலைத் திருப்பினார்.

"இது என்னம்மா? புது பூட்ஸுன்னு சொன்னாங்க. முதல் நாளே தோலை உரிச்சிருக்கு. இதுவும் உங்க காலுக்கு ஆகல. போதும், பிடிவாதம் பிடிக்காதீங்க. நாளையிலிருந்து புகார் பிரிவு."

நான் அவளைப் பார்த்தேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். "பூட்ஸ் மேல தப்பில்ல டாக்டர், என் அண்ணன்…" என்று ஆரம்பித்தால் போதும். வாயாடி, ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்கிறவள், தலையைக் குனிந்துகொண்டு காலுறையைச் சுருட்டினாள். நானே கத்திவிடலாமா என்று எனக்கு வந்தது.

அதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல். "டாக்டர், அது பூட்ஸ் இல்ல. நான்."

எல்லாரும் திரும்பினார்கள். என் வீட்டுக்காரர் முன்னால் வந்து நின்றார். காது நுனிவரை சிவந்திருந்தது. "தண்ணி வெளியே போக அதுல ஓட்டை வச்சிருக்காங்க. ஒழுகுதுன்னு நினைச்சு நான் அடைச்சுட்டேன். யாரையும் கேட்கல. பாதி வழி அடைச்ச பூட்ஸோடதான் நடந்திருக்கா. அந்தப் புண்ணு நான் பண்ணது. நான் பண்ண வேலை தப்பு."

முதலில் இன்ஜினியர் சிரித்தார். மரம் வெட்டுகிறவர் சிரித்தார். வராந்தாவே சிரித்தது. "பூட்ஸுக்குமா அடைச்சீங்க?" என்று ஒருவர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் வீட்டுக்காரர் நகரவில்லை. நல்லாச் சிரிங்க என்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். நான் அவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர்மேல் அவ்வளவு ஆசை எனக்கு வந்ததில்லை, சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்கே, காட்டுங்க" என்றார். தீயணைக்க வைத்திருந்த வாளியை எடுத்து இரண்டு பூட்ஸிலும் தண்ணீரை ஊற்றச் சொன்னார். ஊற்றிய வேகத்தில் நாலு ஓட்டையும் பீச்சி அடித்தன. டாக்டரின் பளபளப்பான ஷூவெல்லாம் நனைந்துவிட்டது. அவர் துள்ளிப் பின்னால் போய், அதற்கப்புறம்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

"சரிதான். பின்பாதி வழி ஓடை தாண்டி நடந்தும் வலது கால் இவ்வளவு நல்லா காஞ்சிருக்குன்னா, பூட்ஸ் நல்ல பூட்ஸ்தான். அந்தப் புண் ஆறினதும் லைனுக்குப் போங்கம்மா. அந்த நாற்காலியை வேற யாருக்காவது போடச் சொல்றேன்."

அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றினாள். எனக்குத் தலை சுற்றிற்று. டாக்டர் குதிகாலுக்கு மருந்து வைத்துக் கட்டினார். வீட்டுக்குப் போக அதே பூட்ஸைத்தான் போட்டுக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். காலை உள்ளே நுழைத்ததும், என் வீட்டுக்காரர் அத்தனை பேருக்கு முன்னால் அவள் காலடியில் குந்தி உட்கார்ந்து கயிற்றைக் கையில் எடுத்தார்.

"விடுண்ணா, எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும்" என்றார். இரண்டு துளை வழியாகக் கயிற்றைக் கோத்தவர், கையை நிறுத்திவிட்டு அண்ணாந்து அவளைப் பார்த்தார். "இறுக்கிக் கட்டட்டுமா, கொஞ்சம் விட்டுக் கட்டட்டுமா? எப்படிம்மா வேணும்?"

இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் ஒருவரைக் கேட்டு ஒரு வேலை செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவளுக்கும் அது புரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த டாக்டரின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"கொஞ்சம் விட்டே கட்டுண்ணா" என்றாள்.